மாடிக் குளியலறை

விஞ்ஞானி காரை விட்டு இறங்கியதும் வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த இடிஞ்ச கூட்டைப் பார்க்கவா இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தேன்?"

வீட்டுக்காரியான மருந்துக்கடைக்காரி சிரித்து வைத்தாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்திலேயே இவளுக்கு அந்த வாய். யார் எதைச் சொன்னாலும் மூக்கைச் சுளித்துத் தூசி தட்டுவதுபோல் தட்டிவிடுவாள். இப்போது குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்து பெரிய பதவிக்கும் வந்துவிட்டாள், கேட்கவா வேண்டும். சனி, ஞாயிறு தங்கிப்போக வந்தவள், தேநீர் ஆறுவதற்குள் திரைச்சீலை, சோபா, மருந்துக்கடைப் பிழைப்பு எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிட்டாள்.

அப்போது மாடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"மேல யாரு?"

"யாருமில்ல. அந்தக் குளியலறையை நான் புழங்குறதில்ல. தாழ்ப்பாள் உள்பக்கமா தானா விழுந்துக்குது."

"அதுக்காக அப்படியே விட்டுட்டியா? தொடைநடுங்கி, நீ திருந்தவே மாட்டடீ. குழாய்ல காத்து அடைச்சிருக்கும்."

"அந்தக் குழாய்க்குத் தண்ணியே கிடையாது. நான் வீடு வாங்குறதுக்கு முன்னாடியே இணைப்பை வெட்டிட்டாங்க."

"சொல்லிட்டா, பெரிய பொறியாளர்."

சமையலறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு விஞ்ஞானி மாடிக்கு ஏறினாள்; மருந்துக்கடைக்காரியும் பின்னால் போனாள். கதவிடுக்கில் கத்தியை விட்டுத் தாழ்ப்பாளை நெம்பினாள். உள்ளே துருப்பிடித்த குழாய், வாளி நிறைய ஒட்டடை, மாவு தூவியதுபோல் தூசி. ஈரத்துளி இல்லை. ஆனால் காயாமல் முடிந்துவைத்த தலைமுடியின் புளித்த வாடை குப்பென்று அடித்தது.

"உள்ள கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரேன். உன் பேயைக் குளிப்பாட்டி அனுப்புறேன்."

வேண்டாம் என்று சொல்ல மருந்துக்கடைக்காரிக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இந்த மூக்கு ஒருதடவையாவது உடைபடட்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

தாழ்ப்பாள் விழுந்தது.

முதலில் விஞ்ஞானி சுவரோடு நக்கலடிப்பது கேட்டது. பிறகு குரல் இறங்கியது. யாருக்கோ பதில் சொல்வதுபோல்.

"இல்ல."

"நான் அப்படிச் சொல்லல."

தண்ணீர் கொட்டியது.

நின்றது.

கதவு திறந்தது. விஞ்ஞானியின் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் தரை காய்ந்து கிடந்தது.

"அழகான வீடு," என்றாள் மெல்ல. "உனக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்."

படிக்கட்டின் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினாள். கைப்பையை மட்டும் எடுத்தாள். வாசலில் வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி நெடுநேரம் நின்றாள். செருப்பைப் போடாமல், காரைத் திரும்பியும் பாராமல், தெருவில் இறங்கி நடந்து போய்விட்டாள்.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் மருந்துக்கடைக்காரி. ஆராய்ச்சியாம், பதவியாம். ஒரு குளியலறைக்குத் தாங்கவில்லை.

"ஏய் தொடைநடுங்கி."

குரல் மாடியிலிருந்து வந்தது.

"விளையாட்டு போதும். கதவைத் திறடீ."

ஓடிப் போய்ப் பார்த்தாள். கதவு அகலத் திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"கண்ணு முன்னாடி நிக்குறேன். குருடா நீ?"

விஞ்ஞானியின் எண்ணுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் தெரு இரைச்சல். அதே குரல்தான், ஆனால் பரிவாக.

"அவளா? கொஞ்ச நாள் சத்தம் போடுவா. நீ பழகிடுவ. நான் போட்ட சத்தத்துக்கும் பழகிட்டல்ல?"

இணைப்பு அறுந்தது.

ஆளில்லாத அறையிலிருந்து, பிறந்ததிலிருந்து யாரிடமும் கெஞ்சியறியாத குரல், மெல்லக் கெஞ்சத் தொடங்கியது.