சங்கிலியனுக்குப் போட்ட மூக்கு

நேற்று வரைந்த முறுக்கு மீசை இன்றைக்கு இல்லை.

துடைத்திருந்தால் கறை இருக்கும். வழிந்திருந்தால் தாடியில் கறுப்பு இறங்கியிருக்கும். இரண்டுமில்லை. கலைமாறன் படத்துக்குக் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தான். டர்பன்டைன் மணம்கூட இல்லை. மேலே மளிகைக் கடையின் கருவாட்டு மணம்தான் நிலவறைக்குள் படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

பாரிஸின் லா ஷப்பலில் பாதித் தமிழ்க் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியவன் அவன். இந்தப் படம் மட்டும் சங்கத் தலைவர் குலசேகரத்தின் கண்டுபிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. மேடைக்கு யாழ்ப்பாணத்தின் கடைசி ராசா சங்கிலியனின் படம் வேணும். சங்கிலியன் எப்படி இருப்பான் என்று ஒருவருக்கும் தெரியாதது தலைவருக்கு வசதியாய்ப் போயிற்று. பழஞ்சாமான் சந்தையில் ஆளுயரத்துக்கு ஒரு ராசாவைக் கண்டார், மெட்ரோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். சட்டத்தின் அடியில் பித்தளைத் தகடு: கசிமிர், போலந்து அரசர்.

"முடி இருக்கு, வாள் இருக்கு. நிறத்தை மட்டும் மாத்து, தம்பி. நெத்தியிலை திருநீறு இழு. வெள்ளைக்காரன் எங்களை வைச்சுக் கோப்பை கழுவுவிக்கேக்கை, நாங்கள் அவையின்ர ராசாவை வைச்சு ஒருநாள் வேலை வாங்கக்கூடாதோ?"

"தகடு, அண்ணை?"

"கழட்டு. பெயர் மாத்திறது எங்களுக்குப் புதுசோ?"

புதுசில்லை. கலைமாறனின் அகதி அட்டையில் இருந்த பெயர் அவனுடையதல்ல. பிறந்த திகதி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் போட்டது. அந்த 2009 கார்த்திகையில் தேசிய அடையாளம் என்றால் என்னவென்று பிரெஞ்சு அரசாங்கமே ஊரைக் கூட்டிப் பேசச் சொல்லியிருந்தது. அவனைக் கேட்டிருந்தால் அட்டையை நீட்டியிருப்பான். அதில் அவனுடையதென்று மிச்சம் இருந்தது முகம் ஒன்றுதான்.

பின்னேரம் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் ஜெனவியேவ் தன் உருளைக்கிழங்கு மூட்டையை எடுக்க இறங்கி வந்தாள். தாய்வழியில் போலந்துக்காரி. படத்தைக் கண்டதும் நின்றாள்.

"இது எங்கள் கசிமிர், முசியே. நூற்றிருபத்து மூன்று வருசம் எங்களுக்கு நாடே இருக்கவில்லை. அப்போது சுவரில் இவர் இருந்தார்."

"இவர் உண்மையிலேயே இப்படித்தான் இருந்தவரோ?"

"யாருக்குத் தெரியும்? செத்து ஐந்நூறு வருசம் கழித்து வரைந்தது. நாடில்லாத ஒருவனை முன்னால் இருத்தி, அவன் முகத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று அம்மா சொல்லுவா."

"அந்த ஆளுக்கு என்ன நடந்தது?"

ஜெனவியேவ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

ஒரு போலந்துக்காரருக்காகச் சங்கிலியனை விட்டுக்கொடுப்பதில்லை என்று கலைமாறன் தீர்மானித்தான். மண்ணிறம் பூசினால் படத்திலிருப்பவர் குடிக்கிறார், திருநீறு இழுத்தால் விழுங்குகிறார், சரி, குடியும். நிலவறை விளக்கு இரண்டு நிமிசத்தில் தானாய் அணையும் வகை. அணையும்போதெல்லாம் எழும்பிப் போய்ப் பொத்தானை அழுத்தி, சுவரின் ஈரம் முதுகில் ஊற, யாரோ குளித்த தண்ணீர் குழாய்க்குள் செருமிக்கொண்டு இறங்க, பாலத்தில் மெட்ரோ போகும் ஒவ்வொரு முறையும் தின்னர் போத்தல்கள் ஒன்றையொன்று முட்ட, அவன் திரும்பத் திரும்ப வரைந்தான். கடைசியில் கைக்கண்ணாடியைச் சாத்தி வைத்து, தன் மூக்கையே பார்த்து, அதை அப்படியே ராசாவுக்குப் போட்டான்.

மூக்கு நின்றது.

விளக்கு அணைந்து, பொத்தானை அழுத்த மறுபடி வந்தது. மூக்கு அங்கேயே. சந்தோசத்தில் தன் வாயையும் பார்த்துப் போட்டான். அதுவும் நின்றது. ஈரம் மின்னியது. உதட்டோரத்தில் அவன் வரையாத ஒரு மடிப்பு. சிரிக்கப் போகிறவனின் மடிப்பு.

விளக்கு அணைந்தது.

மூக்கு அரித்தது. சொறியப் போன விரல் எதிலும் தட்டாமல் ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்குப் போனது.

பொத்தான். வெளிச்சம். கண்ணாடி.

கண்ணுக்குக் கீழே ஓவியத் துணி. குறுக்கும் நெடுக்குமாய் நூல். மூக்கில்லை. வாயில்லை. துணி உள்ளே இழுபட்டது, வெளியே வந்தது. அவன் மூச்சு.

படத்திலிருந்த மூக்கு விடைத்தது.

ஓடலாம். ஓடினால் முகம் இங்கே நின்றுவிடும். இந்தத் துணியோடு எந்தப் பிரெஃபெக்சூர் அலுவலகத்தில் போய் அட்டையைப் புதுப்பிப்பது? டர்பன்டைன் சீலையால் ராசாவின் வாயை அழுத்தித் துடைத்தான். சீலை வெள்ளையாகவே வந்தது. அதில் பல் பட்ட தடம்.

மேலே கதவு திறந்தது.

"கலை, முடிஞ்சுதோ?"

இல்லை அண்ணை, வராதேங்கோ. நினைத்தான். துணி விம்மியது. சத்தம் வரவில்லை.

"ஓம் அண்ணை," என்றார் ராசா, அவனுடைய குரலில். "முடிஞ்சுது. வந்து தூக்குங்கோ."

படியில் காலடி.

கண்கள் இன்னும் அவனிடம் இருந்தன. கையும் இருந்தது. நடுங்காத கை. பதினொரு வருசம் ஏணியில் நின்று எழுதிய கை. தூரிகையைச் சிவப்பில் தோய்த்தான். கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்தான். தன்னுடைய வாயை வரைய அவனுக்கு எவருடைய உதவியும் வேண்டாம்.

முகத்துத் துணியில் கீழுதடு. மேலுதடு. நடுவில் ஒரு கோடு.

திறக்கவில்லை.

காலடி கிட்ட வந்தது. ராசா சட்டத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கலைமாறன் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்தான். வெள்ளையில் தோய்த்தான். அந்தக் கோட்டின் மேலேயே தனக்குப் பல்லுகளை வரையத் தொடங்கினான்.