நானூறு மெஷின்களும் நின்ற நேரம்

போன் அலறியது.

மேரு தொழிற்பேட்டை. மத்தியானம் இரண்டு ஐந்து.

காரில் தனியாக நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த நெட்வொர்க் இன்ஜினியர் பெர்னிஸ், திரையில் வந்த மெசேஜைப் பார்த்தாள்.

ஈதர்நெட் கேபிளால் இணைந்து, ஒரே கணக்கைச் சேர்ந்து போடும் நானூறு கம்ப்யூட்டர் மெஷின்கள்...

அத்தனையும் நின்றுவிட்டன!

ஓடினாள். கார்டைத் தட்டினாள். கதவு திறந்தது.

உடைந்து தொங்கிய ஒரு மெஷினுக்குக் கீழே மேனேஜர் ஜெயந்திரன் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். மூச்சில்லை.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் விமலன் வந்தார்.

"உள்ள வந்ததா ரெண்டே கார்டுதான் கதவுல பதிவாயிருக்கு. அவரோடது... உங்களோடது."

"கார்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நான் வந்தப்பவே விழுந்து கிடந்தாரு சார்."

"சாட்சி?"

"யாருமில்ல."

"கூட யாராச்சும் சாப்பிட்டாங்களா?"

"எப்பவும் யாருமில்ல சார்."

புரோகிராமர் லோகன் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"பெர்னிஸ் யாரோடயும் பேசாது சார். மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் லா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கிள்ளான்ல, வீட்டுல. இங்க ஓடுற என் ஜாப்பையே வீட்டுக் கம்ப்யூட்டர்ல பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டரை வரைக்கும் நல்லா ஓடிச்சு."

பெர்னிஸ் நிமிர்ந்தாள்.

"ஓடிச்சா?"

"ஏன், ஒரு மெஷின் ஒடைஞ்சா மிச்சம் ஓடாதா?"

"வீட்டு நெட்வொர்க்குன்னா ஓடும். டேட்டா தொலைஞ்சா மறுபடி அனுப்பிக்கும். இங்க ஒரு துளிகூடத் தொலையக்கூடாதுன்னு செட் பண்ணியிருக்கோம். ஒரு மெஷின் 'பொறு'ன்னா அதுக்கு அனுப்புறது நிக்கும். அதுக்குப் பின்னாடி இருக்குறதும் நிக்கும். மேனேஜர் விழுந்து ஒடைஞ்ச மெஷின் 'பொறு, பொறு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு அஞ்சுக்கு நானூறும் நின்னுருச்சு."

அவள் விமலனிடம் திரும்பினாள்.

"என் கார்டு எத்தன மணி சார்?"

விமலன் பதிவைப் பார்த்தார்.

"ரெண்டு ஒன்பது."

பெர்னிஸ் லோகனை நேராகப் பார்த்தாள்.

"நின்னுபோன ஜாப் உங்களுக்கு மட்டும் எப்படி ஓடிச்சு, லோகன்?"

லோகன் கதவைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

"மேனேஜர் கார்டு தட்டினப்ப பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்துட்டேன்..." குரல் உடைந்தது. "மூணு வருஷம் எழுதின புரோகிராம் சார். அவர் பேரைப் போட்டுக்கிட்டாரு. கேட்டேன், சிரிச்சாரு. தள்ளிவிட்டேன்..."

விலங்கு மாட்டினார்கள்.

வாசலில் விமலன் நின்றார்.

"மெசேஜ் வந்த நாலாவது நிமிஷம் உள்ள இருந்திருக்கீங்க. சாப்பிடுறப்பகூட போனையேவா பார்ப்பீங்க?"

பெர்னிஸ் கூச்சத்தோடு சொன்னாள்.

"அந்த மெஷின்கள் மட்டுந்தான் சார் எனக்கு மெசேஜ் அனுப்பும்."