கம்பளியின் கழுத்தில் சில துளிகள்

சலவைக் கடையின் கண்ணாடிக் கதவில் தினமும் ஓர் அழுக்கு படியும். முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். கம்பளி அங்கே தோளைச் சாய்த்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பதால் வருவது அது. காலையில் கடையைத் திறந்ததும் அம்மா முதல் வேலையாக அதைத் துடைப்பார். துடைக்கும்போது கொஞ்சம் திட்டுவார்.

கம்பளி என்பது நாயின் பெயர். சுருள் சுருளான முடி. படுத்திருந்தால் தலை எது, வால் எது என்று தெரியாது.

கம்பளிக்கு உயிர்த்தோழி மௌனச்சாமி. கடைக்காரரின் பத்து வயது மகள். அதிகம் பேச மாட்டாள் என்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு பேரும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் கம்பளி சொறியத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை. மௌனச்சாமியின் தம்பி காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் வந்தன.

அப்பா இஸ்திரி மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கம்பளியை அதன்மேல் நிறுத்தி, பேன் சீப்பால் வாரினார். மிளகுத்தூள் போலக் கறுப்புப் பொடி கொட்டியது. எள்ளைவிடச் சின்ன பூச்சி ஒன்று எங்கிருந்தோ துள்ளி, எங்கேயோ போய் மறைந்தது.

"தெள்ளுப்பூச்சி" என்றார் அப்பா.

பிறகு அந்தப் பொடியின்மேல் தண்ணீர் தெளித்தார். கறுப்பு மெல்லக் கரைந்து சிவப்பாகப் படர்ந்தது. எந்தக் கறையாக இருந்தாலும் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார் அவர். இது ரத்தம், பூச்சி குடித்துவிட்டுப் போட்ட கழிவு என்றார்.

மௌனச்சாமி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பளியின் ரத்தம். கண்ணில் சிக்காத ஒன்றின் வயிற்றுக்குள் போய்வந்திருக்கிறது.

அன்றே அம்மா கால்நடை மருந்துக் கடைக்குப் போய் ஒரு சின்னக் குப்பி வாங்கிவந்தார். கழுத்துக்குப் பின்னால், முடியை விலக்கி, தோலில் விட வேண்டுமாம். அவ்வளவுதானாம்.

அழுக்கு நாய்க்கு மருந்து போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. சலவைக் கடைக்காரர் அல்லவா? நாய்க்கான சோப்பைப் போட்டு இரண்டு முறை நுரை பொங்கத் தேய்த்துக் குளிப்பாட்டினார். துவட்டினார். அப்புறம்தான் மருந்தை விட்டார்.

"கழுத்துல விட்டா வாலுக்கு எப்படிப்பா போகும்?" என்று கேட்டாள் மௌனச்சாமி.

"நடந்து போகும்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அது எப்படி நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பாவின் கண்ணில் அந்த இடம் பட்டது. கம்பளியின் கழுத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு பிசுக்கு. அப்பா அதைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டிப் போனார். கடைசியில் கை சும்மா இருக்கவில்லை. ஈரத்துணியில் சோப்பைத் தொட்டு, அந்த இடத்தைப் பளிச்சென்று துடைத்துவிட்டார்.

நாட்கள் போயின. கம்பளி சொறிவது நிற்கவில்லை.

அதன்பின் அது நடந்தது. பல் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டை வாங்க வந்திருந்தார். மடிப்புக் கலையாத கோட்டை அப்பா மேசைமேல் வைத்தார். அதன் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒரு தெள்ளுப்பூச்சி வந்து குதித்தது. டாக்டர் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். டாக்டர் கோட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று மதியம் அப்பா சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பளியைப் பெரியப்பாவின் கிடங்கில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஊருக்கு வெளியே, இரும்புச் சாமான்களுக்கு நடுவே, யாருமே இல்லாத இடம் அது.

"கடையா நாயான்னு வந்தா..." என்றவர், முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அம்மா இன்னொரு குப்பி வாங்கிவந்தார். கடைசியாக ஒருமுறை நன்றாகக் குளிப்பாட்டிவிட்டு இதையும் போட்டுப் பார்க்கலாம் என்றார். வாளியில் தண்ணீர் நிரம்பத் தொடங்கியது.

மௌனச்சாமி கண்ணாடிக் கதவின் அருகே உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்வாக விழுந்ததில், கம்பளி சாய்ந்திருந்த இடத்தில் அந்த அழுக்கு மின்னியது. உற்றுப் பார்த்தாள். அது வெறும் அழுக்கு இல்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம். அதற்குள் வானவில்லின் நிறங்கள் அசைந்தன.

அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கம்பளியைக் குளிப்பாட்டிய பிறகு சில நாட்கள் இந்த அழுக்கு படியவே இல்லை. அம்மா துடைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

சட்டைக் கழுத்தில் பிசுக்கு ஏன் படிகிறது? உடம்பு தானே எண்ணெய் சுரக்கிறது. அதைத் துரத்தத்தான் சோப்பு. இது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் கம்பளியின் உடம்பிலும் தலையிலிருந்து வால் வரை எண்ணெய் இருக்கிறது. மருந்தும் எண்ணெய் மாதிரிதான் இருந்தது.

அவள் கையை நீட்டிக் கம்பளியின் முதுகைத் தொட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் தொட்டபடியே இருந்தாள். இந்த முடிக்காட்டுக்குள், யாரும் பார்க்க முடியாத ஒரு பாதை. அது வழியாகத்தான் மருந்து நடந்து போகும்.

எழுந்து போய்க் குழாயை மூடினாள்.

"அம்மா, குளிப்பாட்ட வேண்டாம். மருந்து போற பாதையையே நாம கழுவிட்டோம்."

அவள் இவ்வளவு பேசி அம்மா கேட்டதில்லை. உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தார். மௌனச்சாமி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நீயா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார் மருத்துவர். அவள் நினைத்தது சரிதான் என்றார். தோலில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்துதான் மருந்து உடம்பெல்லாம் பரவுமாம். மருந்து விடுவதற்கு முன்னால் இரண்டு நாள், பின்னால் இரண்டு நாள் குளியல் கூடாதாம். ஆனால் உடனே அடுத்த குப்பியைப் போடக் கூடாது, முதல் குப்பி போட்டு ஒரு மாதம் முடியட்டும் என்றார். அதுவரை தினமும் சீப்பால் வாரி, பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். முட்டைகள் விரிப்புகளில் உதிர்ந்து கிடக்கும், அவற்றை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வெந்நீர்ல துவைக்கிறதா? அதை எங்கிட்ட விடு" என்றார்.

மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. கிடங்குப் பயணத்தை அப்பா தள்ளிவைத்தார். கம்பளியின் மெத்தை, தம்பியின் போர்வை, சோபா உறை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் மூழ்கி எழுந்தன. கம்பளிக்குக் கடைக்குள் வரத் தடை. மௌனச்சாமி பள்ளியிலிருந்து வந்ததும் பின்வாசலில் உட்கார்ந்து வாருவாள். நாய் நாற்றம் அடித்தது. சலவைக்காரர் வீட்டு நாயா இது என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்தார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. மௌனச்சாமிதான் முடியை விலக்கினாள். அம்மா மருந்தை விட்டார். கழுத்தில் பிசுபிசுவென்று ஈரம் மின்னியது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவற்றைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"துடைக்கணும்னு கை அரிக்குது. நான் வெளிய போயிட்டு வரேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடி வெள்ளைத் துணியை விரித்தார்கள். வால் பக்கம் வாரியபோது செத்த பூச்சிகள் உதிர்ந்தன. கழுத்திலிருந்து எவ்வளவு தூரம்! ஒரு சத்தமும் இல்லாமல் மருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த வாரம் வாரினார்கள். அதற்கடுத்த வாரமும் வாரினார்கள். அப்பா தண்ணீர் தெளித்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அவர் பெரியப்பாவுக்குப் போன் செய்து, கிடங்கில் இடம் வேண்டாம் என்று சொன்னார்.

மறுநாள் கம்பளி கடைக்குள் வந்து, பழைய இடத்தில் தோளைச் சாய்த்துத் தெருவைப் பார்த்தது. பக்கத்தில் மௌனச்சாமி.

அடுத்த நாள் காலை அம்மா துணியோடு வந்தார். கதவு முழுவதையும் பளபளவென்று துடைத்தார். முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இருந்த அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.