இரண்டு புழு அதிகம்

சனிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு வெண்டெல் வந்து நின்றபோது, மார்லிஸ் இரவுச் சாப்பாட்டுக்குச் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வண்டிகளை நிறுத்திக் கோடையில் தங்கும் அந்த ஏரிக்கரைப் பூங்காவில், வாசலை ஒட்டிய முதல் இடம் கோடை முழுக்க அவளுக்கும் அவள் கணவன் டுவேனுக்கும்தான். வாடகை கிடையாது. பதிலுக்கு, கழிப்பறையில் காகிதம் தீர்ந்தது முதல் கூடாரத்துக்குள் எறும்பு வந்தது வரை எல்லாப் புகாரையும் அவர்கள் கேட்டாக வேண்டும். மார்லிஸ் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் போடும் கூச்சலில் எவன் பொய் சொல்கிறான் என்பதைக் கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். டுவேனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. புகார் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், திருடனைப் பிடிக்கப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார்.

"மார்லிஸ், என் மோதிரம் போச்சு," என்றார் வெண்டெல்.

"உங்க கையில மோதிரத்த நான் பார்த்ததே இல்லையே?"

"என்னுது இல்ல. எங்கம்மாவுது. லோயிஸுக்குக் கொடுக்கலாம்னு கொண்டுவந்தேன்."

கூட உரித்துக்கொண்டிருந்த டுவேனின் கையிலிருந்த கதிர் கீழே விழுந்தது. "அடேயப்பா! ஒருவழியா கேக்கப்போறியா? ஆறு வருஷமாச்சேய்யா!"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆறு கோடையாக வெண்டெல் பதினான்காம் இடத்திலும் லோயிஸ் பதினைந்தாம் இடத்திலும் அடுத்தடுத்து வண்டியை நிறுத்துகிறார்கள். அவருக்கு மனைவி இல்லை, அவளுக்குக் கணவன் இல்லை. காலையில் ஒன்றாகக் காப்பி, மாலையில் ஒன்றாகப் படகு. பூங்காவில் இருக்கும் அணில்களுக்குக் கூட விஷயம் தெரியும். வெண்டெல் மட்டும் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

"லோயிஸ் வீட்ட வித்துட்டா," என்றார் வெண்டெல். "திங்கக்கிழமை அரிசோனாவுக்கு, மக வீட்டோட போறா. இன்னிக்கு சாயங்காலம் கேக்கலேன்னா அவ்ளோதான்."

மார்லிஸ் சோளத்தைக் கீழே வைத்தாள். "மோதிரத்த எங்க வெச்சிருந்தீங்க?"

வெண்டெல் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார். "மண்புழு டப்பாவுல."

டுவேன் சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வேற எங்க வெக்கறது?" என்றார் வெண்டெல் பரிதாபமாக. "என் வண்டியில ஒரு மூலை பாக்கி விடாம லோயிஸ் துடைச்சு வெப்பா. புழுன்னா மட்டும் பத்தடி தள்ளி நிப்பா. வியாழக்கிழமை ஊர்ல மூணு டப்பா வாங்கினேன், டப்பாவுக்கு ஒரு டஜன். ஒண்ணு பாதி தீர்ந்துருச்சு. மத்த ரெண்டும் பிரிக்கல. நேத்து சாயங்காலம் அதுல ஒண்ணத் தொறந்து, ரெண்டு புழுவ எடுத்துப் பாதி டப்பாவுல போட்டுட்டு, மோதிரத்தச் சின்னப் பையில சுத்தி அடி மண்ணுல புதைச்சேன். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குப் பார்த்தா டப்பா மூணும் அப்படியே இருக்கு. மோதிரத்தக் காணோம்."

"ரக்கூன்!" என்று துள்ளினார் டுவேன். இரவில் வந்து சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து மேயும் அந்தப் பிராணிதான் பூங்காவில் அவருக்கு முதல் எதிரி.

"புழு டப்பா இருந்த ஐஸ்பெட்டி மேல கல்லு வெச்சிருந்தீங்களா?" என்றாள் மார்லிஸ்.

"வெச்சிருந்தேன். இப்பவும் வெச்சபடியே இருக்கு."

"டுவேன், மோதிரத்த எடுத்துக்கிட்டு கல்லத் திரும்பத் தூக்கி வெச்சுட்டுப் போற ரக்கூன நீங்க பார்த்திருக்கீங்களா?"

டுவேன் அது பற்றி யோசித்தார். வெண்டெல் காத்திருக்கவில்லை. "இது கார்டி வேலைதான். போன வருஷம் நடனத்துல லோயிஸோட ரெண்டு பாட்டுக்கு ஆடினான். எனக்கு அப்பவே தெரியும். நாலு மணிக்குக் கிளம்பறானாம். காவலரக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா மூணு மணிக்குள்ள பூங்கா பூரா தெரிஞ்சுரும். முதல்ல லோயிஸுக்குத் தெரியும். அப்படித்தான் அவ கேள்விப்படணுமா?"

வெண்டெல் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "அப்ப வேணாம்," என்றார்.

பதினாறாம் இடத்துக் கார்டியை அறியாதவர் அங்கே இல்லை. அவருடைய சிவப்புப் படகு அவர் தங்கும் வண்டியை விடப் பெரியது. மீன் கழுவும் கொட்டகையில் யார் சிக்கினாலும் ஒரு பிரசங்கம் உண்டு. புழு போட்டு மீன் பிடிப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வேலை, தன்னைப் போன்ற ஆள் பளபளவென்ற பொய்யிரையைத் தவிர வேறெதையும் தொடமாட்டான் என்பார். அன்று காலை ஏழு மணிக்கே வால்ஐ என்ற ஏரி மீன் ஒன்றை, இருபத்தெட்டு அங்குலம் இருந்ததை, தோளில் சாத்தி, எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று ஊர்வலம் விட்டிருந்தார்.

லோயிஸ் நீந்தப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. மார்லிஸ் பதினான்காம் இடத்து மேசையில் செய்தித்தாளை விரித்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். பாதி டப்பாவில் எட்டு. அடுத்ததில் பன்னிரண்டு. மூன்றாவதிலும் பன்னிரண்டு. பிறகு டப்பாக்களின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். இரண்டில் ஐஸ் தண்ணீரில் ஊறிய காகிதச்சீட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவதன் சீட்டு ஒட்டியபடி விறைப்பாக இருந்தது.

"சரி," என்றாள். புழுக்களைப் பத்திரமாகத் திரும்பப் போட்டாள்.

"என்ன சரி?" என்றார் டுவேன். "எனக்குப் பதிமூணாம் நம்பர் மேலதான் சந்தேகம். நேத்து வந்த ஜோடி. சிகாகோகாரங்க!"

"போய் விசாரிச்சுட்டு வாங்க."

கால் மணி நேரம் கழித்து டுவேன் கையில் ஒரு தட்டு சாக்லேட் கேக்கோடு வந்தார். "ரொம்ப நல்ல பசங்க. தூண்டிலே கிடையாது, துடுப்புப் படகு மட்டும்தான். நீயும் ஒண்ணு எடுத்துக்க."

"அப்ப இன்னொரு வேலை செய்யுங்க. பூங்காக் கடைக்குப் போய், இன்னிக்குக் காலையில புழு வாங்கினது யாருன்னு கேட்டுட்டு நேரா படகுத்துறைக்கு வாங்க."

"புழுவா? காணாமப் போனது மோதிரம்டி!"

"ஓடுங்க."

மூன்றே காலுக்குப் படகுத்துறையில் கார்டி தன் சிவப்புப் படகை வண்டியில் ஏற்றி, அடியில் ஒட்டிய பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏரியை விட்டுக் கிளம்பும் எந்தப் படகும் பாசி போகத் துடைத்து, தண்ணீரை வடித்து, மிச்ச இரையையும் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதைச் சரிபார்ப்பதும் மார்லிஸின் வேலைதான். வெண்டெல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பின்னால் நின்றார். சிகாகோ ஜோடி பக்கத்தில் தங்கள் படகை இறக்கிக்கொண்டிருந்தது.

"படகுல இரை ஏதாவது மிச்சம் இருக்கா கார்டி?"

"இரையா? என் படகுலயா?" கார்டி சிரித்தார். "என்னப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்." மார்லிஸ் படகின் ஓரத்தில் சாய்ந்தாள். "ஒரு கதை சொல்றேன். வெண்டெல் ஒரு டப்பாவுலேர்ந்து ரெண்டு புழுவ வெளிய எடுத்தாரு. அப்ப அதுல பத்துதான் இருக்கணும். இன்னிக்கு எண்ணிப் பார்த்தா பன்னெண்டு. திருடன் எடுத்துக்கிட்டுத்தான் போவான். ரெண்டு புழுவ யாராவது வெச்சுட்டுப் போவாங்களா?"

"அப்ப?" என்றார் வெண்டெல்.

"டப்பாக்குள்ள இருந்து யாரும் எதையும் எடுக்கல. டப்பாவே வேற. ரெண்டு டப்பா மூணு நாளா ஐஸ் தண்ணியில ஊறிக் கிடக்கு. ஒண்ணு சில மணி நேரம்தான் ஊறியிருக்கு. யாரோ விடியக்காலையில ஒரு டப்பா இரவல் எடுத்திருக்காங்க. தூங்கறவங்கள எழுப்ப மனசில்லாம கேக்காம எடுத்திருப்பாங்க. அப்புறம் புதுசா ஒண்ணு வாங்கித் திருப்பி வெச்சு, கல்லையும் தூக்கி வெச்சுட்டாங்க."

"அதுல என்ன தப்பு?" என்றாள் சிகாகோப் பெண்.

"தப்பே இல்ல. ஆனா இந்த ஊர்ல ஒரு கப் சர்க்கரையத் திருப்பிக் கொடுக்கவே அரைமணி நேரம் ஆகும். கூட ஒரு தட்டு பலகாரம் வரும், வானிலை பத்திப் பேசணும், முழங்கால் வலி பத்திப் பேசணும், கதவுகிட்ட நின்னு இன்னொரு தரம் பேசணும். டப்பாவத் திருப்பி வெச்சவரு ஒரு வார்த்தை சொல்லாம போயிருக்காரு. ஏன்? இரவல் வாங்கினதுல வெக்கம் இல்ல. புழுவ வாங்கினதுலதான் வெக்கம்." மார்லிஸ் கார்டியைப் பார்த்தாள். "இந்தப் பூங்காவுல புழுன்னா வெக்கப்படற ஆளு ஒருத்தருதான்."

கார்டியின் காதுகள் படகின் நிறத்துக்கு வந்தன.

அந்த நேரம் பார்த்து டுவேன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஒரே ஒரு டப்பாதான் வித்திருக்கு! ஒன்பது மணிக்கு, கடை தொறந்ததும்! கார்டி வாங்கினாராம், பேரப்பசங்களுக்குன்னு!"

"உனக்கு ஏதுடா பேரன்?" என்று கத்தினார் வெண்டெல். "உனக்குக் கல்யாணமே ஆகலையே!"

"கார்டி," என்றாள் மார்லிஸ் மெதுவாக, "நீங்க எடுத்த டப்பாவோட அடியில இவங்க அம்மாவோட மோதிரம் இருந்தது. லோயிஸுக்காக."

கார்டி துடைத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் இத்தனை பேர். அத்தனை வருடப் பிரசங்கம். பிறகு பெருமூச்சு விட்டுப் படகில் ஏறி, இருக்கைக்கு அடியில் கைவிட்டு, வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஆமாய்யா, புழுதான். மூணு நாளா ஒரு மீனும் கடிக்கல. அந்த இருபத்தெட்டு அங்குலமும் புழுவுலதான் மாட்டுச்சு. போதுமா? மேலாக மூணே மூணுதான் எடுத்தேன். அடியில கைவைக்கல. மிச்சத்தக் குப்பையில போடவும் மனசு வரல."

"அந்தப் பாதி டப்பாவ எடுத்திருக்கலாமேய்யா?" என்றார் வெண்டெல்.

"பாதி டப்பாவ எப்படிய்யா வாங்கித் திருப்பி வெக்கறது? முழுசுன்னா உனக்கு ஒரு புழுவும் குறையாதே!"

வெண்டெலுக்குக் கோபப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. சிகாகோ ஜோடி கைதட்டியது. டுவேனும் காரணம் இல்லாமல் கைதட்டினார்.

"என்ன கூட்டம் இங்க?"

தோளில் துண்டும் ஈரத் தலையுமாக லோயிஸ் நின்றிருந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏரியைப் பார்த்தார்கள். கார்டி டப்பாவை வெண்டெலின் கையில் திணித்துவிட்டுப் பாசி துடைக்கப் போனார், துடைக்கப் பாசி எதுவும் இல்லாவிட்டாலும்.

வெண்டெல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. ஆறு வருடம் பொறுத்த மார்லிஸுக்கே அப்போது தாங்கவில்லை.

"லோயிஸ், அந்த டப்பாவோட அடியில உனக்கு ஒண்ணு இருக்கு. இவரு சொல்ல மாட்டாரு, நிச்சயமா. நீயே எடுத்துக்க."

லோயிஸ் டப்பாவைப் பார்த்தாள். உள்ளே ஒரு புழு சோம்பலாக நெளிந்தது. அவள் முகம் சுருங்கியது. பிறகு வெண்டெலின் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். துண்டைத் தோளிலிருந்து எடுத்து டுவேனிடம் கொடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மணிக்கட்டு வரை கையை மண்ணுக்குள் விட்டாள்.

"ஐயோ, ஐயோ, ஐயோ," என்றபடியே துழாவி, சின்னப் பை ஒன்றை வெளியே இழுத்தாள். பிரித்தாள். மோதிரத்தை நீச்சலுடையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"புழுவுக்குள்ளயா வெப்பாங்க? அறிவு இருக்கா உனக்கு?"

"இல்ல," என்றார் வெண்டெல். அவருக்குக் குரல் வந்துவிட்டது. "லோயிஸ், நான் கேட்டா நீ என்ன சொல்லுவே?"

லோயிஸ் மண் ஒட்டிய விரலில் மோதிரத்தை மாட்டிக்கொண்டாள்.

"புழுவுக்குள்ள கையவே விட்டுட்டேன். இன்னும் என்னத்தச் சொல்லணும்?"