உதட்டுவாசி

"இந்தக் கோப்பின் ஒலிவடிவத்தை இக்கருவி ஆதரிக்கவில்லை" என்று கைபேசித் திரையில் மறுபடியும் வந்தது. படம் மட்டும் ஓடியது. கபிலனின் முதல் மனைவி நித்திலா கடற்கரையில் நின்று வாயசைத்தாள். அவள் செத்துச் சில வருடங்களாகின்றன. அவன் இன்னும் ஊமைப்படமாகத் தினமும் பார்க்கிறான்.

"இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடேன் ஓவியா. அவ குரலே மறந்துபோச்சு" என்றான், இப்போதைய மனைவியிடம்.

ஓவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? கைபேசியில் படம் ஓட்டும் காணொளி இயக்கிகளைப் பழுதுபார்ப்பதுதான் அவள் பிழைப்பு. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. "பாக்கறேங்க" என்றாள்.

பழுது பெரிதில்லை. பழைய ஒலிவடிவங்களை வாசிக்கும் ஒலிப்பிரிப்பிகளைப் புதிய கைபேசிகள் கைவிட்டுவிட்டன. ஒன்றைத் தேடிப்பிடித்து இயக்கியில் ஏற்றினாள். நித்திலா பேசினாள்.

"டேய், தள்ளி நில்றா. செருப்பு நனையுது பாரு."

கட்டைக்குரல். சிரித்தால் கரகரத்தது. குயில் மாதிரி இருந்திருந்தால்கூட ஓவியா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த 'டேய்'! கல்யாணமாகி இத்தனை நாளில் 'ங்க'வைத் தாண்டி அவள் போனதில்லை. 

ஒலி அடியோடு கெட்டுப்போன படங்களுக்கென்று உதட்டுவாசி என்றொரு செயலி இருக்கிறது. உதட்டசைவைப் படித்து வார்த்தைகளைக் கண்டுபிடிக்கும். யார் குரலைக் கொடுக்கிறோமோ அந்தக் குரலில் பேசவைக்கும். ஓவியா தன் குரலைக் கொடுத்தாள். நித்திலா முகத்தைப் பார்த்தாலும் அவன் காதில் என் குரல்தான் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அசல் ஒலியை அழித்தாள். மீட்க முடியாது, பரவாயில்லையா என்று கைபேசி கேட்டது. பரவாயில்லை என்றாள்.

மாலையில் கபிலன் படத்தை ஓட்டினான். தன் குரல் அவனை 'டேய்' என்று கூப்பிடுவதை ஓவியா முதல்முறையாகக் கேட்டாள். கண்டுபிடித்துவிடுவானோ என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கண்கலங்கினான்.

"இதேதான். அச்சு அசல் அவ குரல்."

தினமும் காதில் விழும் பெண்டாட்டி குரலைத் தெரியாத ஆளை என்ன செய்வது? ஜெயித்த சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்தது. அதன்பிறகு அவன் கைபேசியைக் கீழே வைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சோறு ஆறுது, வாங்க" என்று கூப்பிட்டாள். வந்தவன் வாசற்படியிலேயே நின்று அவளை உற்றுப் பார்த்தான்.

"உன் குரல் அப்படியே நித்திலா குரல். இப்பதான் கவனிக்கிறேன். அதனாலதான் உன்னைப் பாத்ததும் பிடிச்சுப்போச்சு போல."

ஓவியா கரண்டியைக் கீழே வைத்தாள். "அது என் குரலுங்க. படத்துல பேசறதே நான்தான். நான்தான் மாத்தினேன்."

"அப்ப அவ குரல் எங்கே?"

காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

"செத்தவ மேல பொறாமைப்பட்டு இப்படியெல்லாம் பொய் சொல்லலாமா ஓவியா?" என்றான், ரொம்பவும் அன்பாக. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டான். "சரி, நீ பேசு. எதையாவது பேசிட்டே இரு."