அதே பெயர், அதே பாஸ்வேர்ட்

ஒரு டிக் இரண்டு டிக்காகியிருந்தது. ஸக்கியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வெங்காயம் அரிந்த கை, கண் எரிந்தது. ஆனாலும் இரண்டு டிக்தான். அது அவள் தன் கணவன் அஸ்ஃபருக்கு அனுப்பிய செய்தி. அதை அனுப்பும்போது அஸ்ஃபர் மௌத்தாகி, உயிர் போய், ஒரு கிழமை கடந்திருந்தது.

மௌத்தானவருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிற பைத்தியம் என்று சொல்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். இத்தா இருக்கிற பெண்ணுக்கு வேறு என்னதான் இருக்கிறது? கணவன் போன பிறகு நாலு மாதத்துக்கும் மேல் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பகலில் சொந்தக்காரப் பெண்கள் வந்து, பிளேன்ரீ குடித்து, "ஸபூர் செய்ங்க, பொறுமையா இருங்க" என்று தோளைத் தடவிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்தப் பின்னறையும் அவளும்தான். பதில் வராது என்று தெரிந்துதான் அனுப்பினாள். பதில் வராது என்ற தைரியத்தில்தான் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் எழுதினாள்.

அந்த ஃபோன் கிடக்கிற இடம் அப்படி. ஜனாஸா அடக்கத்தன்று அஸ்ஃபரின் ஃபோனுக்கு ஓயாமல் கோல் வந்தது. பதில் சொல்வதற்காக அவனுடைய தம்பி ஷப்ராஸ் அதைத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தான். நானாவை, தன் அண்ணனை, கிடத்த அவன்தான் கபுறுக் குழிக்குள் இறங்கினான். குனிந்த நேரம் ஃபோன் நழுவியிருக்கிறது, அழுகையில் கவனிக்கவில்லை. மண் மூடி, துஆ ஓதி, கலைந்து வந்த பிறகுதான் பையைத் தடவினான். ஒரு ஃபோனுக்காகக் கபுறைத் தோண்டுவதா என்று மௌலவி சொல்லிவிட்டார். ஸக்கியாவும் வேண்டாம் என்றே சொன்னாள். அன்றைக்கு மட்டும் அந்த நம்பருக்கு ரிங் போனது. மறுநாள் சார்ஜ் தீர்ந்து அடங்கிவிட்டது. பிறகு சிம் இணைப்பையும் வெட்டியாயிற்று.

சிம் இல்லாத ஃபோன். செத்த பெட்டரி. மழைக் காலத்து ஈர மண். இரண்டாவது டிக் எங்கிருந்து வந்தது?

"சும்மா ஏதாச்சும் கோளாறாக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புது ரவுட்டர் வந்த முதல் நாள். புதுச் சாமான் என்றால் முதல் நாள் ஒரு குரங்குச் சேட்டை காட்டத்தான் செய்யும்.

அந்த ரவுட்டரை வாங்குவதற்குள் அவர்கள் பட்ட பாடு! மகள் இன்ஷிராவுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு முழுக்க ஸூமில்தான். பழைய ரவுட்டர் ஹோலைத் தாண்டினால் மூச்சு வாங்கும். கட்டுகஸ்தோட்டையின் அந்தப் பழைய கல்லு வீட்டில் சுவர்கள் அவ்வளவு தடிப்பு. பின்னறையில் உம்மா பக்கத்தில் இருந்துதான் படிப்பேன் என்று பிள்ளை அடம் பிடித்தது. வாப்பா போன பிறகு அவள் உம்மாவை விட்டு நகருவதில்லை. ஆகவே ஷப்ராஸ் கடைக்குப் போனான். அங்கிருந்து தன் மனைவி ஹிதாயாவுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னான். ஸக்கியா கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினிக்கு சொல்லு ஹிதாயா. ரெண்டு பெட்டி வாற மெஷ் ரவுட்டர் ஒண்டு ஈக்கி. அதுதான் நல்லம். ஆனா ரெண்டாவது பெட்டிய மதினிட ரூம் பக்கம் வச்சி பார்த்துப் பார்த்து செட் பண்ணணும். நான் எப்படி உள்ளுக்கு வாற?"

"அப்ப நீங்க சொல்லித் தாங்க, நான் வைக்கிறேன்."

"உனக்கு ரைஸ் குக்கர ஓன் பண்ணவே நான் வரணும்," என்று அவன் சிரித்தான். "பெரிய ஒண்டு ஈக்கி. ஆறு எண்டனா. கல்லுச் சுவரு என்ன, பள்ளிவாசல் வரைக்கும் எடுக்குமாம். எல்லாத்தையும் கடையிலயே செட் பண்ணி எடுத்துட்டு வாறேன். நீ பின்னுக்குக் கொண்டுபோய் ப்ளக்க மட்டும் குத்து."

அப்படித்தான் அது வந்தது. மல்லாந்து கிடக்கிற நண்டு மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. ஹிதாயா அதைக் குசினி ஜன்னல் கட்டில் வைத்தாள், பின்னறைக்கு அதுதான் கிட்ட. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மரவள்ளிப் பாத்தி, ஒரு கம்பி வேலி, அதற்கு மேலே சரிவில் பள்ளிவாசல் மையவாடி. அடக்கம் செய்கிற அந்த நிலத்தைப் பார்த்தபடியே இருபது வருடம் சோறாக்கியவளுக்கு அதில் பயம் எதுவும் இருந்ததில்லை.

"பேரும் பழைய பேர்தானாம் ராத்தா, பாஸ்வேர்டும் பழசுதானாம்," என்றாள் ஹிதாயா. "அப்பதான் வீட்டுட ஃபோன், டெப், டீவி எல்லாம் தானா வந்து சேருமாம். ஒண்டையும் தொடத் தேவல்ல."

மத்தியானம் பிளக்கைக் குத்தினார்கள். அஸர் தொழுகை முடிந்ததும், புருஷனுக்குச் சோறாக்கி வைத்துவிட்டுப் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் வந்துவிடுகிறேன் என்று ஹிதாயா கிளம்பிப் போனாள். மழை பிடித்தது. கண்டியின் மழை, இடியோ மின்னலோ இல்லாமல் நச்சுநச்சென்று விடாமல் பெய்கிற மழை. ஹோலில் இன்ஷிராவின் டெப்பிலிருந்து கலாராணி டீச்சர் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது கேட்டது. பிள்ளை இன்று அதிசயமாக ஹோலிலேயே இருந்துவிட்டாள். குசினியில் ஈர மண் வாசம் வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தும், கிளறிப் போட்ட மண்ணின் வாசம், அதோடு கற்பூரமும் அத்தரும் கலந்த ஒரு வாசம். அந்த வாசம் அவளுக்குத் தெரியும். அஸ்ஃபரை வெள்ளைத் துணியில் கஃபனிட்ட அன்று அது வீட்டில் நாள் முழுக்க நின்றது.

ஸக்கியா வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தாள்.

இப்போது அடுத்த செய்திக்கும் இரண்டு டிக். அதற்கு அடுத்ததற்கும். மேலிருந்து கீழே, யாரோ சாவகாசமாகப் படி இறங்குவது போல, ஒவ்வொன்றாக. 'மருந்து எடுத்தீங்களா என்று கேக்காமப் போய்ட்டேன்.' இரண்டு டிக். 'புள்ள உங்கட சாரத்தைப் போர்த்திக்கொண்டு தூங்குறாள்.' இரண்டு டிக். அவள் திரையைத் தள்ளிக் கடைசிச் செய்திக்குப் போனாள். அது அங்கேதான் இருந்தது. மனம் முறிந்து கிடந்த ஒரு நேரத்தில் எழுதியது. மறுநாளே எழுதியதற்காக அழுதாள், தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டாள், ஆனால் அழிக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

'எனக்கு ஏலா. வந்து என்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.'

அதற்கு மட்டும் இன்னும் ஒரே டிக்.

யா அல்லாஹ். அவள் அதை அழுத்திப் பிடித்தாள். அழிக்கவா என்று கேட்டது. எல்லோருக்கும் அழிக்கிற வழியைக் காணோம், அதற்குரிய காலம் எப்போதோ போய்விட்டது. 'எனக்கு மட்டும் அழி' என்று ஒன்றே ஒன்று நின்றது. தன் கண்ணிலிருந்து மறைத்து என்ன பிரயோசனம்? தன்னைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. புள்ளையையும் என்று எதற்கு எழுதினேன், எந்த ஷைத்தான் என் விரலைப் பிடித்தது என்று வாய் தானாகப் புலம்பியது.

ஹிதாயாவுக்குக் கோல் எடுத்தாள்.

"ஹிதாயா, எங்க ஈக்கிறீங்க?"

"பாலத்துல ராத்தா, த்ரீவீல்ல. அசையவே இல்ல, சரியான ட்ராஃபிக். என்ன, குரல் ஒரு மாதிரி ஈக்கி?"

"அவர்ட ஃபோன் வேல செய்யிது."

 ஹிதாயா மெதுவாகச் சொன்னாள். "அந்த ரவுட்டர்ட வயர இழுங்க ராத்தா. இப்பவே இழுங்க. ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு இருங்க. நான் இறங்கி நடந்து வாறேன்."

ஜன்னல் கட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி பச்சைப் பொட்டுகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேலே சரிவில் மழைக்குள் கபுறுகளின் மீசான் கற்கள் மங்கலாகத் தெரிந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கையை நீட்டி பிளக்கைப் பிடுங்கினாள். பொட்டுகள் அணைந்தன. அதோடு விடாமல் பெட்டியையே தூக்கி அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டாள்.

 முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது.

ஹோலில் டீச்சரின் குரல் நிற்கவில்லை.

"பகுதி எண்ணையும் தொகுதி எண்ணையும் பாருங்க பிள்ளைகள்..."

ஸக்கியா ஃபோனைப் பார்த்தாள். டேட்டாவை அவள் போடுவதே இல்லை. வைஃபை முழுசாக நின்றது. அதே பெயர். 'அஸ்ஃபர் ஹோம்.' அவள் ஹோல் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள், ஒரு கோடு குறைந்தது. குசினிப் பின்கதவின் பக்கம் திரும்பினாள், நிறைந்தது. பெட்டி செத்துக் கிடக்கிறது. சிக்னல் அந்தக் கதவுக்கு வெளியிலிருந்து வருகிறது.

கடைசிச் செய்திக்கு இரண்டாவது டிக் விழுந்தது.

அவள் ஓதத் தொடங்கினாள். பாதியில் வசனம் மறந்தது. பிறந்ததிலிருந்து ஓதுகிற வசனம், மறந்தது. 

இரண்டு டிக்கும் நீலமாகின.

பெயருக்குக் கீழே எழுத்து வந்தது. டைப் பண்ணுகிறார். நின்றது. மறுபடியும் டைப் பண்ணுகிறார். அஸ்ஃபர் எப்போதும் அப்படித்தான், ஒற்றை விரலால் மெதுவாக எழுதுவான், எழுதி அழிப்பான். அவளுக்கு அழுகை வந்தது. ஆசையும் வந்தது, அதுதான் கொடுமை. ஒரு கணம், ஒரே கணம், என்ன எழுதுகிறார் என்று பார்க்க அவள் ஆசைப்பட்டாள்.

செய்தி வந்தது.

'இங்க இடம் ஒடுக்கம் ஸக்கி. புள்ளைய மட்டும் கூப்பிட்டீக்கிறேன்.'

"இன்ஷிரா!"

 டெப்பிலிருந்து டீச்சர்தான் பேசினார். "இன்ஷிரா, எங்க போயிட்டீங்க மகள்? உங்க கதிரை மட்டும்தான் தெரியுது."

ஸக்கியா ஹோலுக்கு ஓடினாள். கதிரை. கொப்பி. மூடி கழற்றிய பேனை. பக்கவாட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது, சாரல் உள்ளே அடித்து நிலமெல்லாம் ஈரம். சின்னச் செருப்பு வாசலிலேயே இருந்தது. பிள்ளை வெறுங்காலோடு போயிருக்கிறாள்.

இத்தாவும் நினைவில்லை, வாசலும் நினைவில்லை. தலைத் துணி கழன்று விழ, வீட்டைச் சுற்றி ஓடி, மரவள்ளியை மிதித்து, வேலிக் கம்பியில் கை கிழிய மேலே ஏறினாள். பள்ளியில் மஃரிப் பாங்கு தொடங்கியது. மழை. மங்கல் வெளிச்சம். கற்கள்.

அஸ்ஃபரின் கபுறடியில் இன்ஷிரா குப்புறப் படுத்திருந்தாள். படுத்து, வலது கையை நீட்டியிருந்தாள். கை மண்ணுக்குள் முழங்கை வரைக்கும் போயிருந்தது. மண்ணில் குழி இல்லை. கிளறிய அடையாளம் இல்லை. புல் முளைத்த மண், அப்படியே.

"விடு! கைய எடு மகள்!"

ஸக்கியா விழுந்து பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. எதிர்ப்பக்கம் அவசரமே இல்லாமல் இழுத்தது.

இன்ஷிரா முகத்தைத் திருப்பினாள். கன்னமெல்லாம் சேறு. பயம் ஒரு துளியும் இல்லை. பெருநாள் காலையில் புதுச் சட்டையோடு நிற்கும் சிரிப்பு.

"உம்மா, வாப்பா கையப் பிடிச்சீக்கிறார்," என்றாள்.

மண் தோள்வரைக்கும் வந்தது.