அரை நிமிடம் ஊதிய சங்கு

காலை 6.50.

ஆடு மேய்க்கும் கிழவர் இசாபெக்கின் உடல் பாலத்துக்கு மேலே இரண்டு பாறைகளுக்கு நடுவில் கிடந்தது. ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. ஏரியிலிருந்து குதிரைமேல் இறங்கி வந்த குல்சாத் முதலில் அதைச் செத்த ஆடு என்றே நினைத்தாள். அவருடைய வெள்ளைக் கூடாரம் நின்ற மேட்டில் வெறும் சேறு. முந்தின நாள் புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, பனிமலைமேல் இருக்கும் ஆய்கோல் ஏரி கரை தாண்டிச் சீறியிருக்கிறது. வெள்ள எச்சரிக்கை நிலையத்து அபாயச் சங்கு வாயே திறக்கவில்லை.

அந்த ஒரு சீற்றம் இசாபெக்கையும் அவர் ஆடுகளையும் வாரிக்கொண்டு, கீழே கராதால் கிராமத்துப் பாலத்தை நனைத்துவிட்டு அடங்கியது. இன்றும் சுள்ளென்று வெயில். உருகும் பனித் தண்ணீர் பிற்பகலில்தான் ஏரிக்கு வந்து சேரும். நேற்றுக் கரை பாதி அரித்துப் போன ஏரி இன்று என்ன செய்யும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலை 9.15.

எச்சரிக்கை நிலையத்தில் பெகாயிம் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நிலையத்து லினக்ஸ் கணினிகள் அவள் பொறுப்பு. அவளுடைய ஐந்து வயது மகள் நுரியா ஆற்றங்கரைப் பாலர் பள்ளியில் இருந்தாள். விசாரணை முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார்.

எதிரே கேப்டன் ஜோமார்ட் உட்கார்ந்திருந்தார். சத்தமாகப் பேசாத மனிதர். அதுவே பெகாயிமுக்குக் கிலியாக இருந்தது.

"சங்கு ஏன் ஊதல?"

"தெரியல."

"திங்கட்கிழமை மெஷின்ல கை வச்சது யாரு?"

"நான்தான்."

"என்ன பண்ணுனீங்க? எனக்குப் புரியற மாதிரி."

"ஏரி ஆழத்தைக் கணக்குப் போடற நிரல் பைத்தான்ங்கற மொழில எழுதினது. அதுக்கு ஒத்தாசையா நூலகம்னு சொல்ற நிரல் துண்டுங்க நிறைய இருக்கு. வந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு ஃபோல்டர்ல போட்டு வச்சிருந்தாங்க. நான் ஒரு ஒழுங்கு பண்ணினேன். லினக்ஸோட வர்றதெல்லாம் ஒரு ஃபோல்டர். நம்ம நிலையத்துக்காரங்க எழுதினது பக்கத்து ஃபோல்டர். வேற எங்கயும் கிடையாது. அப்படியே பைத்தானையும் புது வெர்ஷனுக்கு மாத்தினேன்."

"வீட்டுச் சாமானை எல்லாம் எடுத்து ஒழுங்கா அடுக்குனீங்க."

"ஆமா."

"அடுக்கினதுல எதையாவது தொலைச்சீங்களா?"

பொழுது விடிந்ததிலிருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. திங்கட்கிழமை அந்த வேலை முடிந்ததும், மாலை 4.10க்கு, சங்கு தானாகவே அலறியது. அரை நிமிடம். தலைநகர் பிஷ்கெக்கில் கூட்டத்தில் இருந்த நிலையத் தலைவர் காசிமலி போனிலேயே அதை நிறுத்தச் சொல்லி, அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். 'உன் வேலையால சங்கு பைத்தியமாயிடுச்சு. பழைய வெர்ஷன் நம்பரையே திரும்பக் கொண்டு வா!' அவள் மாட்டேன் என்றாள். ஆனாலும் ஊரில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் காலை இசாபெக் ஒரு புட்டி குதிரைப்பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உன் சங்கு இந்தக் கிழவனைக் குமரனாட்டம் ஓட வச்சிருச்சு பொண்ணே" என்று கேலி செய்துவிட்டுப் போனார். புட்டி இன்னும் ஜன்னலோரம் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

காலை 10.30.

காசிமலி பிஷ்கெக்கிலிருந்து வந்து சேர்ந்தார். தொப்பியைச் சுவரில் தொங்கிய ஒரு பழைய சான்றிதழ்ச் சட்டத்தின் மூலையில் மாட்டினார். அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. கையால் சங்கை ஊதவைக்கும் பெட்டியின் சாவியும் அதில்தான்.

"எனக்குக் கம்ப்யூட்டர்ல ஆனா ஆவன்னா தெரியாது கேப்டன். கையெழுத்துப் போடறவன் நான். இந்தப் பொண்ணு கெட்டவ இல்ல. கை கொஞ்சம் துறுதுறு, அவ்வளவுதான்."

"பைகே, இன்னைக்கு முன்கூட்டியே சங்கை ஊதிரலாமே?" என்றாள் பெகாயிம். வயதில் மூத்த ஆணை அங்கே 'பைகே', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஜூலைல ஊதினோமே, மறந்துட்டியா? மாவட்டத் தலைவர் வீட்டுக் கல்யாணம். ஐந்நூறு பேர் மலையேறி ஓடினாங்க. ஆக்கின கறியெல்லாம் நாய்க்குப் போச்சு. தண்ணி பாலத்தைத் தொடக்கூட இல்ல. இன்னொரு தடவை சும்மா ஊதினா அப்புறம் ஒருத்தன் ஓடமாட்டான். திரையைப் பாரு. இருநூத்திப் பத்து சென்டிமீட்டர். சங்கு ஊதவேண்டியது இருநூத்தி ஐம்பதுல."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் கொடுமை. தண்ணீருக்கடியில் இருந்த மின் கருவி மட்டும் எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது; கண்ணால் படிக்க நட்டிருந்த அளவுகோல் நேற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. போய்க் கண்ணால் பார்க்கவும் வழியில்லை.

காலை 11.40.

பெகாயிம் சோதித்தாள். தொகுப்புகளிலிருந்து நிறுவிய ஒவ்வொரு கோப்பும் முத்திரை குலையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை ஒன்று உண்டு. ஒன்றும் குலையவில்லை. பக்கத்து ஃபோல்டரைத் தன் கண்ணாலேயே வரிவரியாகப் படித்தாள். சுத்தம். பிறகு அதே நிரலைக் கணினியில் தன் பெயரிலுள்ள பயனர் கணக்கில் தானே ஓட்டினாள். 231. திரையிலும் 231.

"அப்போ எல்லாம் சரியா இருக்கு?" என்றார் ஜோமார்ட்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது. எல்லாம் சரி என்றால் இசாபெக் எப்படிச் செத்தார்?

பகல் 12.20.

கேப்டன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் ஏரிக் கருவிகளைப் பொருத்தும் குல்சாத்.

"இந்த வாரம் எங்க இருந்தீங்க?"

"திங்கள் காலைலேர்ந்து ஏரியில. கேபிள் மாத்தினேன். அங்க போனும் எடுக்காது, ஒண்ணும் எடுக்காது. நேத்து சாயங்காலம் மேட்டுல நின்னு அந்தத் தண்ணி போறதப் பாத்தேன். கத்தினேன். யாருக்குக் கேக்கும்?"

அடுத்து பணிமேசையில் இருக்கும் மிர்லான். ஆகஸ்டு முதல் தேதிதான் வேலைக்குச் சேர்ந்தவன்.

"திங்கட்கிழமைக்கு அப்புறம் மெஷின்ல ஏதாவது மாத்துனியா?"

"நானா? இல்ல பைகே. எதையும் மாத்தல." பதில் சொன்னது கேப்டனுக்கு, கண் போனது பெகாயிம் பக்கம். அவளுக்காக ஏதோ பரிதாபப்படுகிறவன் மாதிரி பார்த்தான்.

பிற்பகல் 1.30.

பெகாயிம் பழைய பதிவுகளைத் திரையில் விரித்தாள். ஜூலைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. காலையில் தாழ்ந்து மாலையில் ஏறும் கோடு. பார்த்துக்கொண்டே வந்தவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"கேப்டன், இங்க வாங்க. வெயில் நாள் எல்லாத்துலயும் பாருங்க. ஏறுது, ஏறுது, 249 வந்ததும் சமமா நின்னுடுது. கத்தியால சீவின மாதிரி. தண்ணி அப்படி நிக்குமா?"

"நிக்காது."

"யாரோ மூடி போட்டிருக்காங்க. அதுக்குக் கீழ எல்லாம் நிஜம். அதான் காலைல ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு."

"இந்த ஒரு நாள் மட்டும் கூரா இருக்கே?"

அவர் விரல் திங்கட்கிழமைமேல் இருந்தது. அன்று கோடு 258 வரை போய்த் திரும்பியிருந்தது.

"அது... சங்கு தப்பா ஊதின நாள்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

பிற்பகல் 2.25.

தன் கணக்கில் மறுபடி ஓட்டினாள். 256. திரையில் 249.

ஒரே நிரல், ஒரே கணினி, இரண்டு விடை. தண்ணீர் எல்லையைத் தாண்டிவிட்டது. பாலர் பள்ளி மூன்றரைக்குத்தான் விடும்.

"வித்தியாசம் என்ன?" என்றார் ஜோமார்ட்.

"நான் ஓட்டினா என் பேர்ல ஓடுது. திரைக்குப் போறது, சங்குக்குப் போறது, அதுக்குன்னு தனியா வச்சிருக்கற கணக்குல ஓடுது..." அவள் நிறுத்தினாள். "கடவுளே. அதுக்கும் ஒரு வீடு இருக்கு."

"யாருக்கு?"

"சமையல்ல உப்புத் தேடினா முதல்ல கைக்கெட்டற டப்பாவைத்தானே பாப்போம்? அதுல இல்லன்னாத்தான் உக்கிராண அறைக்குப் போவோம். பைத்தானும் அப்படித்தான். யார் பேர்ல ஓடுதோ அவங்க சொந்த ஃபோல்டரை முதல்ல பாக்கும். நான் உக்கிராணத்தைத்தான் ஒழுங்கு பண்ணினேன். அடுத்தவங்க சொந்த ஃபோல்டரைத் தொடக்கூடாதுங்கறது எங்க தொழில் மரியாதை. இந்தக் கணக்குக்கு ஆளே கிடையாது, வெறும் நிரல் ஓடறதுக்கு. ஆளில்லாத கணக்குக்கும் ஒரு சொந்த ஃபோல்டர் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

திறந்தாள். இருந்தது. ஆழக் கணக்கு நூலகத்தின் நகல். நடுவில் ஒரே ஒரு வரி புதிது. 249க்கு மேல் போனால் 249 என்று சொல்.

ஒன்றல்ல, இரண்டு நகல்கள்.

பிற்பகல் 2.40.

"எல்லாரும் உக்காருங்க," என்றார் ஜோமார்ட். "தங்கச்சி, அந்த நகலை அழிக்காதீங்க, சாட்சி அது. தலைவர்கிட்ட சாவியை வாங்க எனக்குக் காரணம் வேணும், சொல்லுங்க. சீக்கிரம்."

பெகாயிம் நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்தாள்.

"பைத்தான் தன் ஃபோல்டர் பேர்லயே வெர்ஷன் நம்பரை வச்சுக்கும். வெர்ஷன் மாறினா பழைய நம்பர் ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பாக்காது. முதல் நகல் பழைய நம்பர்ல, ஜூலை பத்தொம்பது. கல்யாணத்துக்கு மறுநாள். திங்கட்கிழமை நான் வெர்ஷனை மாத்தினதும் அந்த மூடி கழண்டு போச்சு. சங்கு நிஜத்தைப் பாத்து ஊதுச்சு. ரெண்டாவது நகல் புது நம்பர்ல. செவ்வாய் காலை 10.20."

"ஜூலைல மிர்லான் இங்க வேலைலயே இல்ல," என்றார் ஜோமார்ட். "செவ்வாய்க்கிழமை குல்சாத் ஏரியில. தலைவர் பிஷ்கெக்ல. அப்போ யாரு?"

"ரெண்டும் ஒரே கை இல்ல. மிர்லான், நீ எதையும் மாத்தலன்னு சொன்னே. எதையாவது எடுத்து வச்சியா?"

மிர்லானின் முகம் வெளுத்தது. "எஜே... அக்கா, நீங்க ஒரு ஃபோல்டரை நகர்த்த மறந்துட்டீங்க, அதான் சங்கு தப்பா ஊதுச்சுன்னாரு. பழைய நம்பர்லேர்ந்து புது நம்பருக்கு எடுத்து வைன்னாரு. வெளிய சொன்னா உங்க பேர் கெடும்னாரு. அதான் சொல்லல." அவன் ஜன்னலோரப் புட்டியைப் பார்த்தான். "இசாபெக் தாத்தாவ நானா கொன்னேன்?"

"யாரு சொன்னது?" என்றார் கேப்டன்.

மிர்லான் தலையைத் தூக்காமலே காசிமலியின் பக்கம் கை காட்டினான்.

"பயத்துல உளர்றான்," என்றார் காசிமலி. "எனக்கு இந்த நம்பர் கிம்பர் எல்லாம்..."

"திங்கட்கிழமை போன்ல என்ன சொன்னீங்க பைகே?" என்றாள் பெகாயிம். "சங்கைச் சரி பண்ணுன்னு சொல்லல. பழைய வெர்ஷன் நம்பரைத் திரும்பக் கொண்டு வான்னீங்க. ஆனா ஆவன்னா தெரியாதவருக்கு, நம்பர் மாறினா என்ன கழண்டு போகும்னு எப்படித் தெரியும்? நான் மாட்டேன்னதும் இவனைக் கூப்பிட்டீங்க."

ஜோமார்ட் எழுந்துபோய்ச் சட்டத்தின் மூலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். மங்கிய எழுத்துகளை நிதானமாகப் படித்தார். "'ஆய்கோல் தானியங்கி அளவுக் கருவிக்கு நிரல் எழுதியதற்காக, பொறியாளர் காசிமலிக்கு.' தொப்பியை ஏன் இதுமேல மாட்டறீங்கன்னு காலைலேர்ந்து யோசிச்சேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சாவியைக் கொடுங்க."

காசிமலி கொடுத்தார். "இன்னொரு தடவை ஊதினா வீட்டுக்குப் போன்னு மேலே சொல்லிட்டாங்க," என்றார் மெல்ல. "ஒவ்வொரு வருஷமும் 249 கிட்ட வந்து திரும்பிப் போற தண்ணிதான். அங்கேயே நிக்கும்னு நினைச்சேன்."

பிற்பகல் 2.52.

சங்கு அலறியது.

ஊர் உடனே ஓடவில்லை. "மறுபடியும் கல்யாணமா?" என்று ஒருவன் கடை வாசலில் சிரித்தான். குல்சாத் குதிரையை அவன்மேல் ஏற்றுகிற மாதிரி நிறுத்தி, இசாபெக்கின் காலிலிருந்து கழற்றிய நனைந்த பூட்ஸை அவன் முன்னால் எறிந்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கடைசியாகப் பாலர் பள்ளிக் குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடேறினார்கள். நிலையத்து ஜன்னலிலிருந்து பெகாயிம் எண்ணினாள். மூன்று முறை எண்ணிய பிறகுதான் நுரியாவின் சிவப்புத் தொப்பி கண்ணில் பட்டது.

3.36க்குத் தண்ணீர் வந்தது. பாலம் போனது. பாலர் பள்ளியின் வேலி போனது, பிறகு சுவர். மேட்டில் நின்ற நானூறு பேரும் பார்த்தார்கள்.

பெகாயிம் ஜன்னலோரத்துப் புட்டியைக் கையில் எடுத்தாள். சங்கு அந்த வாரம் தானாக ஒரே ஒரு தடவைதான் உண்மை பேசியது, அரை நிமிடம். அதைக் கேட்டு ஓடியவர் இசாபெக் ஒருவர்தான். செவ்வாய்க்கிழமை அவர் வாசலில் நின்று சிரித்தபோது அவள்தான் அவரிடம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்: "என் தப்பு பைகே. சரி பண்ணிடறேன். இனிமே அது சும்மா ஊதாது, பயப்படாம இருங்க."